கட்டியவர்

நான் ஆடிட்டர் இல்லை.
இன்டரில் இரண்டு முறை தோற்று,
செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடியில்
வருமான வரிப் படிவம் நிரப்பித் தருபவள்.
போர்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.
ஆனாலும் எல்லாருக்கும் ஆடிட்டரம்மா.

மீனாட்சிபுரத்துப் பால்குடத்துக்காக
ரோட்டை அடைத்திருந்த பங்குனிப் பகலில்
சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார் தெனப்பன்.
கழனிவாசலில் மூன்று கடை.
மூன்றிலும் வாடகை உண்டு.
ஒன்பது வருடமாகச் சொத்து வரி கட்டவில்லை.

நான் ஏன் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"பில் அப்பச்சி பேருக்கு வரும்.
எனக்கும் தம்பிக்கும் கேஸ்.
ஜெயிக்கிறவன் கட்டட்டும்னு
ரெண்டு பேரும் விட்டுட்டோம்."
விசிறியின் கீழே நாற்காலியை இழுத்துக்கொண்டார்.
"ஜெயிச்சது நான்."

கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு
போன வாரம் ஓடிப்போய்க் கட்டியிருக்கிறார்.
ஒன்பது வருசத்தையும்
இந்த ஒரு வருசத்தில் கழிக்கலாமா?

கழிக்கலாம்.
எந்த ஆண்டின் வரி என்று சட்டம் கேட்காது.
எந்த ஆண்டில் கட்டினாய்,
அதுதான் அதற்குக் கணக்கு.
அபராத வட்டி மட்டும் கழியாது.

(என் நாத்தனாரிடம் வாங்கிய கைமாற்றை
நான் திருப்பிக் கொடுத்த தேதி
அவருக்கு நினைவில்லை.
இழுத்தடித்த மாதங்களை
இன்றும் விரல்விட்டுச் சொல்வார்.
சட்டத்திடம் எனக்குப் பிடித்த ஓர் இடம்
இந்த மறதிதான்.)

முதல் கடை ரசீது. சரி.
இரண்டாவது. சரி.
மூன்றாவதில் தேதி ஆவணி மாதத்தது.
தொகை இருபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.
செலுத்தியவர் என்ற இடத்தில்
நீல மையில் வேறொரு பெயர்:
இபுராம்சா.
எவர்சில்வர் பாத்திரக் கடை.
வாடகைக்கு இருப்பவர்.

"அட, அவரே கட்டிட்டாரா" என்று சிரித்தார்.
"நல்லதாப் போச்சு. அதையும் சேத்துப் போடுங்க."

போட முடியாது என்றேன்.
உடையவர் கையிலிருந்து போனால்தான் கழிவு.
நீங்கள் அவருக்குக் கொடுத்துவிட்டால்,
கொடுத்ததற்குத் தாள் இருந்தால்,
பார்க்கலாம்.

"கொடுத்தா எனக்கு எவ்வளவு மிச்சம்?"

தட்டிப் பார்த்தேன்.
நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
அவர் வாய்க்குள் ஒரு முறை கழித்துப் பார்த்தார்.
கால்குலேட்டரை விட வேகம்.
கழித்தது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஆனாலும் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

பின்னால் பாத்திரங்கள் சரிந்து விழும் சத்தம்.
"அண்ணே, சீல் வைக்க வந்துட்டாங்க.
கடைய பூட்டினா எம் பொழப்பு. கட்டிட்டேன்."
"சொல்லவேயில்லையே, பாய்."
"என்னத்தச் சொல்றது?
கொரோனாவுல கடை பூட்டிக் கிடந்தப்ப
நாலு மாச வாடகை
நீங்க கேக்கலையே, அண்ணே.
கேட்டிருந்தா நான் இன்னிக்கு
இந்த ஊர்லயே இல்ல.
அது இதுக்குச் சரியாப் போச்சு."

தெனப்பன் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.
என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்:
"கேக்கக் கூடாதுன்னு இல்ல.
அப்ப கேஸ் ஓடுச்சு.
நான் கேக்கணுமா, தம்பி கேக்கணுமான்னு தெரியல."

கையை எடுத்தார்.
பாய் காத்திருந்தார்.
தெருவில் மேளம்.
"சரி பாய்" என்றார். "வெயில்ல அலையாதீங்க."

வராத வாடகைக்குப் படிவத்தில் இடம் உண்டு.
அதற்கும் நிபந்தனைகள் உண்டு:
வசூலிக்க முயன்றிருக்க வேண்டும்.
முயலாமல் விட்டது,
விட்டதாகவே தெரியாமல் விட்டது,
அதை ஒருவர் ஆறு வருடம் சுமந்து
ஓர் ஆவணியில் இறக்கி வைத்தது,
இதற்கெல்லாம் கட்டம் தேடினேன்
என்று சொன்னால் பொய்.
மூன்றாவது கடைக்கு நேரே
சுழியம் அடித்தேன்.

அவர் மறுக்கவில்லை.
ரசீதை மட்டும் திரும்ப வாங்கி
அந்த நீலப் பெயரைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.
பிறகு உறைக்குள் வைக்காமல்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என் கட்டணம் எழுநூற்றைம்பது.
எண்ணிக் கொடுத்தார், புது நோட்டு.
ரசீது வேண்டும் என்றார்.

யார் பெயரில் என்று கேட்டேன்.